92 வயதில் எட்டாவது முறை: பால் பியா எப்படி ஜெயிக்கிறார்?

கேள்வி: கேமரூனில் 92 வயதுக்காரர் மறுபடியும் அதிபராகிவிட்டாராமே? கள்ள ஓட்டுப் போட்டுத்தான் ஜெயிக்கிறாரா? அந்த ஊர் மக்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள்?

மோசடி நடந்தது என்கின்றன எதிர்க்கட்சிகள், இல்லவே இல்லை என்கிறது அரசு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. புதுச்சேரிக்காரன் என்பதால் பிரெஞ்சு கொஞ்சம் வரும். அந்தப் பழக்கத்தில், பெரும்பாலும் பிரெஞ்சு புழங்கும் மத்திய ஆப்பிரிக்க நாடான கேமரூனின் செய்திகளை வெகு காலமாகப் படித்து வருகிறேன். படித்தவரை எனக்குப் படுவது இதுதான்: ஜனங்கள் வாக்குச்சாவடிக்கு வந்து வரிசையில் நிற்பதற்குள் முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. அதுவும் சட்டப்படியே முடிகிறது.

முதல் தடவை பியா அதிபர் பதவிக்கு வந்தபோது ஓட்டே கிடையாது. 1975 முதல் பிரதமராக இருந்தவர். 1982 நவம்பரில் முதல் அதிபர் அகமடு அகிஜோ திடீரென்று ராஜினாமா செய்ய, அரசியல் சட்டப்படி நாற்காலி இவருக்கு வந்தது. கட்சித் தலைமையைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலிருந்து ஆளலாம் என்று அகிஜோ கணக்குப் போட்டார் போலிருக்கிறது. ஒரே வருடத்தில் கட்சியும் பியாவிடம் வந்தது, அகிஜோ நாடு கடந்து போனார். 1984 ஏப்ரலில் ராணுவப் புரட்சி முயற்சி ஒன்று நடந்து நசுக்கப்பட்டது. அதற்குப் பிறகு நாட்டில் முக்கியமான எந்தப் பதவியும் அவர் கையெழுத்து இல்லாமல் நிரம்புவதில்லை.

இது மிகைப்படுத்தல் இல்லை. பிரதமர், அமைச்சர்கள், பத்து மாகாணங்களின் கவர்னர்கள், மாவட்ட அதிகாரிகள், ராணுவத் தளபதிகள், அரசு நிறுவனத் தலைவர்கள், 100 செனட்டர்களில் 30 பேர், எல்லோரும் அரசாணையால் நியமிக்கப்படுகிறவர்கள். நீதிபதிகளை நியமிக்கும் உயர் மன்றத்துக்கும் அதிபரே தலைவர். தனக்குப் பதவி கிடைத்ததையோ போனதையோ அரசு வானொலிச் செய்தியில் கேட்டுத் தெரிந்துகொண்ட அதிகாரிகள் அங்கே ஏராளம். பதவி கிடைத்தால் சொந்த ஊரில் விருந்து நடக்கும், கூடவே அதிபருக்கு நன்றியும் விசுவாசமும் தெரிவித்து ஒரு தீர்மானம் அரசு நாளிதழில் அச்சாகும். இப்படிப்பட்ட அதிகாரிகள்தான் அடுத்த தேர்தலின்போது எந்தக் கூட்டத்துக்கு அனுமதி, எதற்குத் தடை என்று முடிவு செய்கிறார்கள்.

அடுத்தது, ஒரே சுற்றுத் தேர்தல். பல கட்சி முறை வந்த பிறகு 1992-இல் நடந்த முதல் அதிபர் தேர்தலில் பியாவுக்குக் கிடைத்தது சுமார் 40 சதவீதம். ஆங்கிலம் பேசும் வடமேற்கு மாகாணத்தின் பமெண்டா நகரிலிருந்து வந்த ஜான் ஃப்ரூ ந்டிக்கு 36, வடக்கத்தியத் தலைவர் பெல்லோ பூபாவுக்கு 19. அரசு சொன்ன கணக்கையே எடுத்துக்கொண்டாலும், பத்தில் ஆறு பேர் பியா வேண்டாம் என்றிருக்கிறார்கள். பிரான்ஸைப் போல இரண்டாம் சுற்று இருந்திருந்தால் கதை வேறு. மற்ற பலதையும் பிரான்ஸிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் இதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. முடிவை ஏற்காத ஃப்ரூ ந்டி வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார், வடமேற்கு மாகாணத்தில் அவசரநிலை வந்தது.

"நம் ஊரிலும் அதிக ஓட்டு வாங்கியவர்தானே ஜெயிக்கிறார்?" என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் நாம் ஒரு தொகுதிக்கு ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கிறோம். அங்கே அந்த 40 சதவீதத்துக்கு முழு நாடும் பரிசு.

2025 தேர்தலில் நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். 2018-இல் இரண்டாவதாக வந்தவர் மொரிஸ் கம்தோ, சட்டப் பேராசிரியர். அந்த முடிவை எதிர்த்துப் போராடியதற்காக 2019-இல் ஒன்பது மாதம் சிறையில் இருந்தவர். இந்த முறை அவர் நின்றால் போட்டி கடுமையாகியிருக்கும். அங்கே அதிபர் தேர்தலில் நிற்க வேண்டுமென்றால் நாடாளுமன்றத்திலோ நகராட்சியிலோ உறுப்பினர் உள்ள கட்சி உங்களை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் பத்து மாகாணங்களிலும் தலா 30 என்று, 300 பிரமுகர்களின் கையெழுத்து வேண்டும். கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர்கள் எம்.பி.க்கள், கவுன்சிலர்கள், பாரம்பரியத் தலைவர்கள் போன்றவர்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சியைச் சேர்ந்தவர்கள் அல்லது அதை அண்டி வாழ்கிறவர்கள். ஆக, இரண்டாவது வழி பேருக்குத்தான்.

முதல் வழிக்கு வருவோம். தேர்தல் சட்டத்தைத் திருத்தாமலும் ஆங்கிலம் பேசும் மாகாணங்களில் சண்டையை நிறுத்தாமலும் தேர்தல் எதற்கு என்று 2020 நாடாளுமன்ற, நகராட்சித் தேர்தல்களைக் கம்தோவின் கட்சி புறக்கணித்திருந்தது. அதனால் கையில் ஓர் உறுப்பினரும் இல்லை. 2025 தொடக்கத்தில் அடுத்த நாடாளுமன்ற, நகராட்சித் தேர்தல் வர வேண்டும், அதில் சில இடங்களாவது பிடித்தால் அதிபர் தேர்தலில் நிற்கலாம். ஆனால் 2024 ஜூலையில் நாடாளுமன்றம் தன் ஆயுளைத் தானே 2026 மார்ச் வரை நீட்டித்துக்கொண்டது. கவுன்சிலர்களின் பதவிக்காலமும் நீண்டது. அதிபர் தேர்தல் மட்டும் குறித்த நேரத்தில், 2025 அக்டோபரில். பார்த்தால் வெறும் கால அட்டவணை மாற்றம். விளைவு, கம்தோ இரவல் கட்சி தேட வேண்டியதாயிற்று.

அவர் மனிடெம் என்ற சிறிய கட்சியின் சார்பில் மனு போட்டார். உடனே அதே கட்சியின் பெயரில் இன்னொருவரும் மனு போட்டார். ஒரு கட்சிக்கு இரண்டு வேட்பாளர்கள் கூடாது என்று தேர்தல் ஆணையம் கம்தோவைத் தள்ளுபடி செய்தது, ஆகஸ்டில் அரசியல் சட்ட கவுன்சிலும் அதை உறுதி செய்தது. வந்த 83 மனுக்களில் 70 ஆணையத்திலேயே போய்விட்டன. இதில் எங்கே சட்டமீறல் என்று காட்டுவது கஷ்டம். அதுதான் இதில் உள்ள கெட்டிக்காரத்தனம்.

அந்தக் கவுன்சிலில் 11 பேர். சிலரை அதிபரும் மற்றவர்களை நாடாளுமன்ற இரு சபைகளின் தலைவர்கள் முதலானோரும் தேர்ந்தெடுத்தாலும், எல்லோருக்கும் நியமன ஆணை அதிபரிடமிருந்துதான். தேர்தல் வழக்குகளை விசாரிப்பதும் முடிவை அறிவிப்பதும் அவர்கள்தான்.

இத்தனைக்குப் பிறகும் 2025-இல் சிக்கல் வந்தது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்திலிருந்து. வடக்கே கருவாவைச் சேர்ந்த இசா சிரோமா பக்காரி பத்து வருடம் அரசின் பேச்சாளராக இருந்தவர். 2018-இல் ராணுவத்தினர் பெண்களையும் குழந்தைகளையும் சுட்டுக்கொன்ற வீடியோ வந்தபோது அது பொய்ச்செய்தி என்று சொன்னவர் (பிறகு அரசே சிப்பாய்களைக் கைது செய்தது). அப்பேர்ப்பட்டவர் 2025 ஜூனில் அமைச்சர் பதவியை உதறிவிட்டு வேட்பாளரானார். கம்தோவுக்குப் போயிருக்க வேண்டிய கோபமெல்லாம் இவர் பக்கம் திரும்பியது. பியா ஒரே ஒரு பிரசாரக் கூட்டத்துக்கு வந்தார், வடக்கே மருவா நகரில். அக்டோபர் 27-இல் அறிவித்த முடிவு: பியா 53.66, சிரோமா 35.19. தானே ஜெயித்ததாகச் சொன்ன சிரோமா நாட்டைவிட்டு வெளியேறி, கடைசியில் காம்பியாவில் தங்கினார்.

மக்கள் ஏன் சும்மா இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். அவர்கள் சும்மா இருக்கவில்லை. 1991-இல் மாதக்கணக்கில் நகரங்களை ஸ்தம்பிக்க வைத்தார்கள். 1996 அரசியல் சட்டம் ஒருவருக்கு இரண்டு முறைதான் பதவி என்றது. 2008-இல் அதை நீக்கப் போகிறார்கள் என்ற கோபமும் விலைவாசிக் கோபமும் சேர்ந்து பிப்ரவரியில் கலவரமாக வெடித்தது. இறந்தவர்கள் 40 பேர் என்றது அரசு, நூற்றுக்கு மேல் என்றன மனித உரிமை அமைப்புகள். ஏப்ரலில் திருத்தம் நிறைவேறியது. அதைக் கிண்டல் செய்து பாட்டுப் பாடிய லாபிரோ டி ம்பாங்காவுக்கு, கலவரத்தைத் தூண்டியதாகச் சொல்லி மூன்று வருடச் சிறை.

2016 இறுதியில் ஆங்கிலம் பேசும் இரண்டு மாகாணங்களில் வக்கீல்களும் ஆசிரியர்களும் தெருவுக்கு வந்தார்கள். தங்கள் நீதிமன்றத்துக்கும் பள்ளிக்கும் ஆங்கிலேயச் சட்ட, கல்வி முறையோ ஆங்கிலமோ தெரியாதவர்களை அனுப்பாதே என்பதுதான் கோரிக்கை. பதிலாக 2017-இல் அங்கே 93 நாள் இணையத்தைத் துண்டித்தார்கள், தலைவர்களை 2014 பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். வக்கீல் போராட்டமாகத் தொடங்கியது பிரிவினைப் போராக மாறி ஆறாயிரம் பேருக்கு மேல் பலிவாங்கிவிட்டது. அதைப் பற்றிச் செய்தி சொன்ன வசிசி என்ற தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் 2019 ஆகஸ்டில் காவலில் இறந்தார். வெளியே தெரிய பத்து மாதம் ஆயிற்று.

பொதுக்கூட்டத்துக்குச் சட்டப்படி முன்கூட்டித் தெரிவித்தால் போதும். ஆனால் பொது அமைதி கெடும் என்று ஒரு வரி எழுதி மாவட்ட அதிகாரி தடை போடலாம், பெரும்பாலும் எதிர்க்கட்சிக்குத்தான் போடுவார். 2024 அக்டோபரில் பியா வாரக்கணக்கில் கண்ணில் படாமல் இருந்தபோது, அதிபரின் உடல்நிலை பற்றி ஊடகங்கள் பேசவே கூடாது என்று உள்துறை அமைச்சர் உத்தரவு போட்டார். 91 வயது அதிபர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பது தேசப் பாதுகாப்பு விஷயமாகிவிட்டது!

2025-இலும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். முடிவு வருவதற்கு முதல் நாள் துவாலா நகரில் மட்டும் நான்கு பேர் இறந்ததை மாகாண கவர்னரே ஒப்புக்கொண்டார். நூற்றுக்கணக்கில் கைது. கைதானவர்களில் ஒருவர் அனிசே எகானே, கம்தோவுக்கு இடம் கொடுத்த மனிடெம் கட்சியின் தலைவர், 74 வயது. டிசம்பர் 1-இல் தலைநகர் யவுண்டேயில் காவலில் இறந்துபோனார். அவருக்கு வேண்டிய மருத்துவ உதவி தரப்படவில்லை என்கிறது கட்சி, நோய்தான் காரணம் என்கிறது பாதுகாப்பு அமைச்சகம். பியா அதற்கு முன்பே, நவம்பர் 6-ஆம் தேதி, ஏழு வருடத்துக்குப் பதவியேற்றுவிட்டார்.