திண்ணைக் கேள்விகள்: ஏழு நிமிடத்தில் பார்த்து முடித்த வீடு

(ஓய்வுபெற்ற கும்பகோணத்துக் கணக்கு வாத்தியார் ஒருவர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: விடுமுறையில் பிள்ளைகளைக் கும்பகோணத்தில் கணித மேதை ராமானுஜன் வீட்டுக்கு அழைத்துப் போனேன். கட்டில், ஜன்னல், சில படங்கள். ஏழு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். "அவ்வளவுதானாம்மா?" என்றாள் சின்னவள். அங்கே பிள்ளைகளுக்கென்று ஏதாவது நடத்தக் கூடாதா? – ஒரு வாசகி, சுவாமிமலை

பதில்: ஏழு நிமிடம் அதிகம் அம்மா. நான்கே நிமிடத்தில் முடித்துக்கொண்டு டிகிரி காபிக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறை வீட்டின் மேல் இல்லை. சாரங்கபாணி சன்னிதித் தெருவில் இருக்கிற சின்ன ஓட்டு வீடு அது. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினார். வருமானம் போதாமல் கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார்கள். பையன் அவர்களைத்தான் நோண்டி நோண்டிக் கணக்குக் கேட்டான். அவர்களுக்குத் தெரிந்தது தீரும்வரை விடவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் நின்று பார்த்தால் என்ன தெரியும்? உட்கார வேண்டும்.

பத்துப் பிள்ளைகள், ஆளுக்கொரு சிலேட்டு, ஒரு மணி நேரம் போதும். ராமானுஜன் நோட்டுப் புத்தகம் தொடங்குவதே மாயச் சதுரத்தில்தான். நாமும் அங்கேயே தொடங்கலாம். முதல் வரியில் அவர் பிறந்தநாள்: 22, 12, 18, 87. அடுத்த வரி 88, 17, 9, 25. அதன் கீழே 10, 24, 89, 16. கடைசியில் 19, 86, 23, 11. குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் மூலைக்கு மூலை கூட்டினாலும் 139. சூட்சுமம் இதுதான்: 88 என்பது 87-உடன் ஒன்று கூட, 17 என்பது 18-இல் ஒன்று குறைய, 9 என்பது 12-இல் மூன்று குறைய, 25 என்பது 22-உடன் மூன்று கூட. மற்ற இரண்டு வரிகளைப் பிள்ளைகளே துப்பறியட்டும். பிறகு அவரவர் பிறந்தநாளைப் போடச் சொல்லுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு மைனஸ் எண் வந்து நிற்கும். "சார், தப்பாகிவிட்டது" என்று அழிக்கப் போவார்கள். கையைப் பிடித்து நிறுத்தி, கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும் நீங்கள்.

வீட்டை 2003 முதல் பராமரிப்பது சாஸ்த்ரா பல்கலைக்கழகம். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாள் மட்டும் டிசம்பர் 22 வேண்டாம். தேசிய கணித தினம்தான், ஆனால் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு நேரம். கணக்குப் பரீட்சைக்குப் பயந்துகொண்டு ராமானுஜன் வீட்டில் உட்கார்ந்திருப்பது பாவம். விடுமுறை விட்டதும் வையுங்கள்.

கேள்வி: பிப்ரவரி 19 உ.வே.சா. பிறந்தநாள். உத்தமதானபுரம் நினைவு இல்லத்தில் நான்கு சொற்பொழிவு, கவியரங்கம், பேச்சுப்போட்டி என்று திட்டம். வேறு என்ன சேர்க்கலாம்? – இளைஞர்கள் சிலர், பாபநாசம்

பதில்: சேர்க்காதீர்கள் தம்பிகளே, கழியுங்கள்.

ஒரு நினைவு இல்ல விழாவில் காலை பத்து மணிக்கு உட்கார்ந்தவன் ஒன்றரைக்குத்தான் எழுந்தேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஆறு பேச்சு, பதினொரு பொன்னாடை. பக்கத்தில் இருந்த பையன் கூரைச் சட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தான். "நாற்பத்திரண்டு சார்" என்றான். அன்று உருப்படியாக நடந்தது அந்த ஒரு கணக்குதான்.

நாலு கட்டு பனையோலை வாங்குங்கள். ஆளுக்கு ஓர் எழுத்தாணி. ஓலையில் கீறியதும் ஒன்றும் தெரியாது. கரியை எண்ணெயில் குழைத்துத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாக எழும்பி வரும். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அடுத்தது வாசிப்பு. ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள், ஓலை பொத்துவிடும். எகர ஒகரங்களில் குறில் நெடிலும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். "கொல" என்று ஓர் ஓலையில் எழுதிக் கொடுங்கள். அது கொல், கோல், கொல, கோல – இதில் எது? பந்தலே சண்டை போடட்டும். இப்படி ஒவ்வோர் எழுத்தாக மல்லுக்கட்டித்தான் அவர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். ராமானுஜன் பிறந்ததும் அதே வருடம். கும்பகோணம் கல்லூரியை விட்டு 1903-இல் ஐயர் சென்னைக்குப் போனார், 1904-இல் அதே கும்பகோணம் கல்லூரியில் ராமானுஜன் சேர்ந்தான். ஒரு வருடத்தில் சந்திப்பு தப்பிவிட்டது! எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

சொற்பொழிவு ஒன்று இருக்கட்டும். இருபது நிமிடம்.

கேள்வி: பூர்வீக வீட்டில் பத்தாயம், மரக்கால், பல்லாங்குழி எல்லாம் கிடக்கின்றன. மியூசியமாக்கி ஊருக்குத் திறந்துவிட ஆசை. எங்கே தொடங்குவது? – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: வீட்டில் மூத்தவர் யாராவது இருந்தால் அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். பத்தாயத்துக்குள் இறங்கி நெல் அள்ளியவர் யார், சாவி யாரிடம் இருந்தது, எந்த வருடத்தோடு அது காலியானது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கண்ணாடிப் பெட்டியெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மரக்காலைப் பூட்டிவைக்க வேண்டாம். தெருப் பிள்ளைகள் நெல் அளக்கட்டும், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று கை சொல்லட்டும். பல்லாங்குழிக்குச் சோழி வேண்டுமென்றால் என்னிடம் ஒரு டப்பா இருக்கிறது. இரண்டு குறையும்.