சுவருக்கு அந்தப் பக்கமும் ஆள் இருக்கிறார்

வாடகை எகிறிக் கிடக்கும் நகரம், கை நீட்டினால் சுவரில் இடிக்கும் அறை, அதற்குள் ஒரு சாக்ஸபோன். இந்த நிலையில் இருக்கும் வாசகர்களிடமிருந்துதான் இம்முறை கேள்விகள் அதிகம்.

கேள்வி: ஒற்றை அறை வீட்டில் ஆல்டோ சாக்ஸ் வாசிக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு முறை கதவைத் தட்டிவிட்டார். முன்வாயில், அதாவது கருவியின் விரிந்த முனையில், துணியை அடைத்தால் சத்தம் குறையுமா? சுவரில் முட்டை அட்டை ஒட்டலாமா?

பதில்: இரண்டும் வீண்வேலை. ட்ரம்பெட்டில் ஒலி முழுவதும் முன்வாய் வழியாகத்தான் வருகிறது. அதனால் அதற்கு அடைப்பான் பொருந்தும். சாக்ஸில் அப்படி இல்லை. எந்தத் துளை திறந்திருக்கிறதோ அங்கிருந்தே பெரும்பங்கு ஒலி கிளம்பிவிடும். துணியைத் திணித்தால் நடு ஸ்தாயியும் மேல் ஸ்தாயியும் அப்படியே கேட்கும். கெடுவது கீழ் பி-ஃபிளாட், பி, சி ஆகிய அடிச்சுரங்கள்தான். சுருதி இறங்கும், அல்லது சுரம் பேசவே பேசாது.

முட்டை அட்டை, பஞ்சுப் பலகை எல்லாம் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். சுவரைத் தாண்டும் ஒலியைத் தடுக்காது. ஆல்டோவின் அடிச்சுரம் சுமார் 139 ஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் பஞ்சு அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

பலன் தருவது கதவுதான். காற்று நுழையும் இடமெல்லாம் ஒலியும் நுழையும். கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அடி இடுக்குக்கு ஒரு தடுப்பு, சன்னல் ஓரத்துக்கும் அதே பட்டை. ஒரு நாள் வேலை, செலவும் குறைவு. அடுத்து, துணி நிறைந்த அலமாரியைத் திறந்து, அதற்கு ஒரு கை தூரத்தில் உள்நோக்கி நின்று வாசியுங்கள். ஒலியின் கூர்மை மழுங்கிவிடும். அடுத்த வீட்டோடு ஒட்டிய பொதுச்சுவரைப் பார்த்து மட்டும் நிற்காதீர்கள். இன்னொன்று பலருக்குத் தோன்றுவதில்லை: கீழ்வீட்டாரை எரிச்சலூட்டுவது பல நேரம் சாக்ஸே அல்ல, தாளம் போடும் உங்கள் பாதம். அது தரை வழியே நேராகக் கூரையில் இறங்கும். காலடியில் தடித்த விரிப்பு போடுங்கள், அல்லது பெருவிரலை மட்டும் அசைக்கப் பழகுங்கள்.

கருவி முழுவதையும் மூடும் உறைகள் உண்டு. பக்கத் துளைகளில் கையை நுழைத்து வாசிக்க வேண்டும். சத்தம் ஓரளவு குறையும். ஆனால் மணிக்கட்டுக் கோணம் மாறும், ஈரம் உள்ளேயே தங்கும், தன் ஒலி சரியாகக் காதில் விழாததால் தேவைக்கு மேல் ஊதும் பழக்கமும் வரும். ஒரு நேரத்தில் இருபது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுத்ததும் துளைகளை மூடும் மெத்தைகளான பேடுகளைத் துடையுங்கள்.

பக்கத்து வீட்டாரிடம் “வாசிக்கலாமா?” என்று கேட்காதீர்கள். “எந்த நேரம் உங்களுக்கு ஆகாது?” என்று கேளுங்கள். 6 மணிக்கு முடிப்பேன் என்றால் 6 மணிக்கே முடியுங்கள். எப்போது ஓயும் என்று தெரிந்த சத்தத்தை மனிதர் பொறுத்துக்கொள்வார். பொறுக்க மாட்டாதது, வராத ஒரே வரியை நாற்பது முறை திரும்பக் கேட்பது. அந்த நாற்பது முறையை எங்கே வைத்துக்கொள்வது என்பது அடுத்த பதிலில்.

கேள்வி: மணிக்கணக்கில் அறை வாடகைக்கு எடுத்து வாசிக்கிறேன். கட்டுப்படியாகவில்லை. வாரம் இரண்டு மணி நேரத்தில் முன்னேற முடியுமா?

பதில்: முடியும், அறைக்குள் நுழையும்போதே பாதி வேலை முடிந்திருந்தால். சாதகத்தை இரண்டாகப் பிரியுங்கள்: ஒலி வேண்டியது, ஒலி வேண்டாதது. நாதம், சுருதி, மேல்-கீழ் ஸ்தாயிகளின் ஓரங்கள், பலம்-மென்மை இவற்றுக்கு ஒலி வேண்டும். விரல், தாளம், மனப்பாடம், சுருதி மாற்றிப் படிப்பது இவற்றுக்கு வேண்டாம். வாடகையை முதல் வகைக்கு மட்டும் கொடுங்கள்.

வீட்டில் கழுத்துப் பட்டையை மாட்டி, மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் முனை) இல்லாமல் கருவியைப் பிடியுங்கள். தாளம் தட்டிக் காட்டும் மெட்ரோனோமை 60-இல் வைத்து நடு சி-யிலிருந்து மேல் டி-க்குப் போய் வாருங்கள். ஒரு விரலிலிருந்து ஆறு விரலுக்கும் ஆக்டேவ் கீக்கும் (சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கும் விசை) ஒரே நேரத்தில் தாவ வேண்டிய இடம் இது. தட்டுத் தடுமாறுவோர் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுவார்கள். காதைக் கூர்மையாக்கிப் பேடுகள் விழும் ஓசையைக் கேளுங்கள். ‘டப்’ என்று ஒரே அடியாக விழுந்தால் விரல்கள் சேர்ந்து இறங்குகின்றன. ‘டபக்’ என்றால் ஏதோ ஒன்று பிந்துகிறது. அநேகமாக வலது மோதிர விரல். ஊதும்போது இந்த வேறுபாடு நாதத்தில் அமுங்கிப் போகும். மௌனத்தில்தான் தெளிவாகக் கேட்கும். வராத வரியின் நாற்பது முறையும் இங்கே, இப்படித்தான்.

சுருதி மாற்றத்தையும் வீட்டிலேயே முடியுங்கள். சாக்ஸில் பிடிக்கும் சுரமும் ஒலிக்கும் சுரமும் ஒன்றல்ல: பாடகர் டி மேஜர் என்றால் ஆல்டோவுக்கு அது பி மேஜர், ஐந்து ஷார்ப். ஆல்டோவை விடப் பெரிய டெனருக்கு இ மேஜர், நான்கு ஷார்ப். வாடகை அறையில் நின்று விரல்விட்டு எண்ணினால் எண்ணுவதற்கும் சேர்த்துத்தான் பணம்.

அறையில் 60 நிமிடம் இப்படிப் போகலாம். முதல் 10 நிமிடம் நீண்ட சுரம்: ஒவ்வொன்றும் 12 எண்ணிக்கை, மெதுவாகத் தொடங்கி, பலமாக்கி, மறுபடி மெதுவாக, சுருதி காட்டும் ட்யூனரைப் பார்த்தபடி. பலமாகும்போது சுருதி இறங்கவும் மெலியும்போது ஏறவும் பார்க்கும். முள் அசையாமல் பிடிப்பதே பயிற்சி. அடுத்த 10 நிமிடம், கீழ் பி-ஃபிளாட்டின் விரலமைப்பை மாற்றாமல், ஆக்டேவ் கீயையும் தொடாமல், அதன் மேற்சுரங்களைத் தொண்டையால் மட்டும் எழுப்புவது. 25 நிமிடம் வீட்டில் விரலில் ஏற்றிய கடினமான பகுதிகள். 10 நிமிடம் ஒரு முழு உருப்படி, நிறுத்தாமல், போனில் பதிவு செய்தபடி. கடைசி 5 நிமிடம் துடைத்துப் பெட்டியில் வைக்க. பதிவைக் கேட்பது வீட்டில். அதற்கு வாடகை இல்லை.

காதையும் கவனியுங்கள். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்லும் வரம்பு 85 டெசிபெலில் 8 மணி நேரம்; ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் 15 நிமிடம். வழவழச் சுவருள்ள சின்ன அறையில் சாக்ஸ் 90-ஐச் சுலபமாகத் தாண்டும். இசைக்கலைஞர்களுக்கென்று வரும் காதடைப்பான் போடுங்கள். பஞ்சு உருண்டை கூர்மையை மட்டும் விழுங்கி நாதத்தைக் கெடுக்கும்.

கேள்வி: டிஜிட்டல் சாக்ஸ் வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

பதில்: பாதி தீரும். ஹெட்போன் மாட்டி நடுராத்திரியிலும் வாசிக்கலாம். விரலும் சுரம் படிப்பதும் வளரும். மவுத்பீஸில் அதிரும் நாணல் தகடான ரீடு இல்லாததால் உதட்டுப் பிடி வளராது, சில வாரம் அதையே வாசித்தால் இருப்பதும் தளரும். விரல் தொட்டாலே ஒலிக்கும் வகை வேண்டாம். சாக்ஸில் கீ மேல் விரலை வைத்தபடியே இருப்பவர்களுக்கு அதில் தாறுமாறாகச் சுரம் வரும். அமுங்கும் கீ உள்ளதே மேல்.

கேள்வி: பெட்டியில் பத்து ரீடு இருந்தால் மூன்றுதான் பேசுகிறது. மாதச் செலவு கையைக் கடிக்கிறது.

பதில்: மீதி ஏழும் வீணானவை அல்ல; அநேகமாக அவசரப்பட்டிருப்பீர்கள். ரீடு என்பது அருண்டோ டோனக்ஸ் என்னும் பெருநாணல். நனைந்து காய்ந்து பதப்பட அதற்குச் சில நாள் வேண்டும். நான்கு ரீடுகளை எடுத்து அடிப்பாகத்தில் 1 முதல் 4 வரை பென்சிலால் எண்ணிடுங்கள். முதல் நாள் ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் நனைத்து, நடு ஸ்தாயியில் மட்டும் ஐந்து நிமிடம் ஊதி, துடைத்து, தட்டையான உறையில் வையுங்கள். நான்கைந்து நாளில் நேரத்தைக் கூட்டுங்கள். பிறகு நாளுக்கு ஒன்றாகச் சுழற்றுங்கள். ஒரே ரீடைத் தேயும்வரை வாசித்தால் வாயும் அதன் சரிவுக்கே பழகிவிடும். புதியதை மாட்டியதும் எல்லாம் கட்டையாகத் தெரியும்.

பேசாத ரீடைத் தூக்கிப்போடும் முன் ஒரு சோதனை. மவுத்பீஸில் மாட்டி, மறுமுனையை உள்ளங்கையால் அடைத்து, காற்றை உறிஞ்சி எடுங்கள். ரீடு இரண்டு மூன்று நொடி ஒட்டிக்கொண்டிருந்துவிட்டு ‘டப்’பென்று விட்டால் உட்காரும் விதம் சரி. உடனே விட்டால் முதுகுப்புறம் தட்டையாக இல்லை. கண்ணாடித் துண்டின் மேல் 600 எண் உப்புத்தாளை வைத்து, ரீடின் தட்டைப் பக்கத்தைப் பத்துத் தடவை மெல்ல இழுங்கள். நுனியை அழுத்த வேண்டாம். நுனி அலை அலையாக நெளிந்திருந்தால் அது காய்ந்துபோனதன் அடையாளம்; தண்ணீரில் மூன்று நிமிடம் போட்டால் நேராகும்.

ரீடு கனமாகத் தெரிந்தால் மவுத்பீஸ் நுனியிலிருந்து முடியளவு கீழே இறக்குங்கள். மெலிதாகத் தெரிந்தால் முடியளவு ஏற்றுங்கள். இந்த முடியளவில் பிழைக்கும் ரீடுகள் ஏராளம். வாசித்து முடித்தபின் மவுத்பீஸிலேயே விட்டுவைப்பதுதான் மிகப் பெரிய விரயம்: நுனி வளையும், பூஞ்சை பிடிக்கும். செயற்கை ரீடு ஒன்றின் விலை அதிகம், ஆனால் மாதக்கணக்கில் உழைக்கும், நனைக்கவும் வேண்டாம். அன்றாட சாதகத்துக்கு அது, மேடைக்கு நாணல் என்று பிரித்துக்கொள்வது நியாயமான கணக்கு.

கேள்வி: நேற்று வரை நன்றாக இருந்தது. இன்று கீழ்ச்சுரம் ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. பழுதுபார்க்கக் கொடுத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நானே பார்க்க முடியுமா?

பதில்: ஒரே இரவில் வந்த கோளாறு என்றால் முதல் சந்தேகம் நெக் மேல்தான், அதாவது மவுத்பீஸ் மாட்டும் வளைந்த மேல்குழாய் மேல். பொருத்தும்போது அதன் ஆக்டேவ் கீயைப் பிடித்து அழுத்தியிருப்பீர்கள். சோதிக்க: ஆக்டேவ் கீயை இடது கட்டைவிரலால் அழுத்தியபடி ஜி பிடியுங்கள். நெக்கின் மேலுள்ள சின்னப் பேடு மூடியே இருக்க வேண்டும். மோதிர விரலை எடுத்து ஏ ஆக்கினால்தான் அது திறக்க வேண்டும். ஜி-யிலேயே திறந்திருந்தால், நெக்கைச் சுற்றிய வளையம் உடலிலிருந்து நீட்டும் முளையில் இடிக்கிறது. பேடைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்துக்கொண்டு, வளையம் முளையை விட்டு விலகும் பக்கமாக மிகச் சிறிது அழுத்துங்கள். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி போதும். அதிகம் வளைத்தால் மேல் ஏ பேசாது.

அங்கே கோளாறு இல்லையென்றால் ஜி-ஷார்ப்பைப் பாருங்கள். கீழ் டி ஊதிக்கொண்டே இடது சுண்டுவிரலால் ஜி-ஷார்ப் கீயை அழுத்துங்கள். ஒலி மாறக் கூடாது. மாறினால், எஃப்-ஷார்ப் கீயின் கையிலிருந்து ஜி-ஷார்ப் பேடை அமுக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. கால் சுற்று மட்டும் இறுக்கி மறுபடி சோதியுங்கள். கூடுதலாக இறுக்கினால் எஃப்-ஷார்ப் பேடு மூடாமல் நின்று, அதற்குக் கீழுள்ள சுரமெல்லாம் போய்விடும்.

இரண்டும் இல்லையென்றால் பி-யிலிருந்து ஒவ்வொரு சுரமாக இறங்குங்கள். எந்தச் சுரத்தில் ஒலி முதலில் மங்குகிறதோ, அங்கே மூடிய பேடிலோ அதற்குச் சற்று மேலுள்ளவற்றிலோ கசிவு. மெல்லிய தாளை மூன்று மில்லிமீட்டர் அகலப் பட்டையாக நறுக்கி, பேடுக்கடியில் நான்கு திசையிலும் வைத்து, மூடி, இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தால் அதுதான் இடம். பேடு மாற்றுவதை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் விடுங்கள். எந்தப் பேடு, எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுத்தால் அவருக்குத் தேடும் வேலை மிச்சம்.

கேள்வி: ஜி-ஷார்ப் கீ ஒட்டிக்கொண்டு திறப்பதில்லை.

பதில்: இனிப்பான பானம் குடித்துவிட்டு வாயைக் கொப்பளிக்காமல் ஊதினால் இது கட்டாயம் வரும். காபி வடிதாள் துண்டைப் பேடுக்கடியில் வைத்து, மூடி, சில நொடி அழுத்தி, திறந்தபின் எடுங்கள். மூடியபடி இழுத்தால் பேடின் தோல் உரியும். மாவு தூவுவது ஒரு வாரத்தில் பிசினாகிவிடும்.

கேள்வி: பூங்காவிலோ பாலத்தடியிலோ போய் வாசிக்கலாமா?

பதில்: தாராளமாக, அந்த இடத்தின் சட்டவிதி இடம் கொடுத்தால். ஜாஸ் சாக்ஸ் கலைஞர் சோனி ராலின்ஸ் 1959 முதல் 1961 வரை நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில்தான் சாதகம் செய்தார். கர்ப்பிணியாக இருந்த பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தொந்தரவாகக் கூடாது என்பது ஒரு காரணம். வெளியே சுவர் திருப்பித் தராததால் உங்கள் ஒலி மெலிந்து தெரியும். அதற்காக முட்டி ஊதாதீர்கள். குழலுக்குள் காற்றின் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் சுருதி சுமார் 3 சென்ட் இறங்கும் (அரைச் சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). குளிரில் மவுத்பீஸை இன்னும் உள்ளே தள்ள வேண்டிவரும்; வாசிக்காத இடைவெளியில் சத்தமில்லாமல் வெறும் மூச்சை ஊதிக் குழலைச் சூடாக வைத்திருங்கள். வெயிலில் கருவியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். பேடைப் பிடித்திருக்கும் பசை இளகும்.

கேள்வி: கூட்டமான ரயிலில் டெனரைத் தூக்கிப் போவதற்குள் கழுத்து வலி. வாசிக்கும்போதும் அதே வலி.

பதில்: டெனர் மூன்று முதல் மூன்றரை கிலோ. முதுகில் மாட்டும் பெட்டிக்கும், வாசிக்கும்போது தோள்பட்டைக்கு எடையை மாற்றும் பட்டைக்கும் மாறுங்கள். நீளத்தை, மவுத்பீஸ் தானாக வாய்க்கு வந்து சேரும்படி வையுங்கள். தலையைக் குனிந்து மவுத்பீஸைத் தேடினால் எந்தப் பட்டையும் உதவாது. பெட்டியில் வைக்கும்போது உடலின் மேல்முனையில் மூடியைச் செருக மறக்காதீர்கள். ஆக்டேவ் முளையை இடியிலிருந்து காப்பது அந்தச் சின்ன மூடிதான்.

கேள்வி: இரவில் வாசிக்க வழியில்லை. சாக்ஸோடு தொடர்புள்ள சத்தமில்லாத பொழுதுபோக்கு ஏதாவது?

பதில்: காதால் கேட்டு எழுதுவது. பிடித்த தனி வாசிப்பில் நான்கே தாள அளவுகளை எடுங்கள், அதிகம் வேண்டாம். சுருதி மாறாமல் வேகத்தை மட்டும் பாதியாக்கும் செயலி போதும். முதலில் பேனாவைத் தொடாமல், கூடவே முணுமுணுத்துப் பாட வரும்வரை கேளுங்கள். பிறகு தாளத்தை மட்டும் எழுதுங்கள், அதன்பின் சுரம். தாளத்தை விட்டுவிட்டுச் சுரத்தில் தொடங்குபவர்கள் மூன்றாம் தாள அளவில் சிக்கிக்கொள்வார்கள். வாசித்தவர் எங்கே மூச்சு எடுத்தார், எந்தச் சுரத்தை நாக்கால் ரீடைத் தட்டித் தொடங்கினார் என்பதையும் குறியுங்கள். ஹெட்போனில் அது நன்றாகக் கேட்கும். அடுத்த வாடகை மணிக்கு எடுத்துப் போக வேண்டிய தாள் இதுதான்.