ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? கல்லூரியிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது?

களியக்காவிளைப் பக்கத்துப் பிள்ளைகள் திருவனந்தபுரத்துக்கு மேல்படிப்புக்குப் போகும்போது எழும் கேள்வி இது. இருக்கிற அறிவைக் கற்றுக்கொடுப்பது கல்லூரியின் முதல் வேலை. ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுப்பதோடு புதிய அறிவையும் தேடுகிறது. நாஞ்சில் நாட்டு வழக்கில் சொன்னால், பத்தாயத்து நெல்லை அளந்து கொடுப்பது ஒன்று, அடுத்த பூவுக்கு, அதாவது அடுத்த சாகுபடிக்கு, விதைநெல் தேர்ந்தெடுப்பது இன்னொன்று.

இது ஏன் தேவை? பாடப்புத்தகத்தில் இருப்பதை யாரோ ஒருவர் முதலில் கண்டறிந்தாக வேண்டும். அதற்கு நூலகம், ஆய்வுக்கூடம், பல ஆண்டுப் பொறுமை எல்லாம் வேண்டும். தனிக் கல்லூரிக்கு அது பெரிய சுமை, அதனால்தான் ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் தேவைப்படுகிறது.

கேரளப் பல்கலைக்கழகத்தையே பாருங்கள். திருவிதாங்கூர்க் கல்லூரிகள் முன்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1937-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது, 1957-ல் கேரளப் பல்கலைக்கழகம் ஆனது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் அங்கே தமிழும் மொழியியலும் வளர்த்தார். பிறகு 1981-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். நம் மண்ணுக்கு இது எவ்வளவு பெரிய கொடை!

அப்புறம் ஒன்று: பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் இருந்தால் அதன் வளாகத்திலேயே படித்தவர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, இளங்கலை மாணவர்களில் பெரும்பாலானோர் படிப்பது பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் இணைப்புக் கல்லூரிகளில்தான்.