பார்க்க ஆள் இல்லையா, போக வழி இல்லையா?

கேள்வி: பெண்களுக்கென்று தேசிய அளவில் கால்பந்து லீக் நடக்கிறதாம், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்ததாகப் பேப்பரில் ஒரு மூலையில் படித்தேன். பார்க்க ஆளே வராத ஆட்டத்துக்கு லீக் எதற்கு? என் மகள் பத்தாம் வகுப்பு. பள்ளி அணியில் ஆடுகிறாள். இதைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். சரிதானே ஐயா?
– வாசகர் ஒருவர், பென்னாகரம்

பதில்: பெயரை வெளியிட வேண்டாம் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள், வெளியிடவில்லை. ஆனால் பதிலை உங்கள் மகளும் படிப்பாள் என்ற நினைப்போடுதான் எழுதுகிறேன்.

ஆளே வரவில்லை என்கிறீர்கள். வருவதற்கு ஆட்டம் எங்கே நடந்தது என்று பார்த்தீர்களா? இந்திய மகளிர் லீக்கின் முதல் சீசன் 2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லியில் நடந்தது. ஆறே அணிகள், மூன்று வாரம் நிறைவதற்குள் மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் கோப்பையை வாங்கி, எல்லோரும் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு ஷில்லாங், லூதியானா, பெங்களூரு, புவனேசுவரம், அகமதாபாத் என்று ஒவ்வொரு சீசனின் இறுதிக் கட்டமும் ஏதாவது ஓர் ஊரிலேயே தொடங்கி அங்கேயே முடிந்தது. பெயர்தான் லீக், நடந்ததெல்லாம் நம் ஊர்ப் பொங்கல் விளையாட்டுப் போட்டியைச் சற்று நீட்டியது போன்ற ஒன்று. 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி., மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று பட்டம் பெற்றதே, அது நடந்த இடம் பஞ்சாபிலுள்ள லூதியானா. தன் ஊர் அணியின் இறுதியாட்டத்தைப் பார்க்க விரும்பும் மதுரைக்காரர் இரண்டு இரவுகளை ரயிலில் கழித்திருக்க வேண்டும். அவர் போகவில்லை என்பதை வைத்து, அவருக்குப் பெண்கள் ஆடும் பந்தில் அக்கறை இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியுமா?

ஒன்றை மறைக்கக் கூடாது. 2020 பிப்ரவரியில் கோகுலம் கேரளா, மணிப்பூரின் கிரிப்சா அணியை 3–2 என்று வென்ற இறுதியாட்டம் பெங்களூரில் நடந்தது. ஓசூரிலிருந்து ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம். தருமபுரியிலிருந்தும் காலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பலாம். நானும் போகவில்லை. மறுநாள் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே நீங்கள் சொல்லும் அந்த வராத ஆட்களில் நானும் ஒருவன்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கொரோனாவால் ஒரு சீசன் அப்படியே கைவிடப்பட்டு, அடுத்தது 2022 ஏப்ரலில்தான் தொடங்கியது. 2020இல் பத்தாம் வகுப்பில் இருந்த ஒரு பெண் அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பின் முடிவுக்கு வந்திருப்பாள். அந்த 2022ஆம் ஆண்டிலும் கோகுலம்தான் வென்றது. ஆடிய 11 ஆட்டங்களிலும் வெற்றி. ஆசியக் கிளப் போட்டிக்காக அந்தப் பெண்கள் ஆகஸ்டில் தாஷ்கண்டு வரை போய் இறங்கிய நேரத்தில், இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் நிர்வாகக் குழப்பத்தைக் காரணம் காட்டி, உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நம் நாட்டைத் தடை செய்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார்கள். இதில் அவர்களுடைய தப்பு எது?

2023 டிசம்பரில் தொடங்கிய சீசனில்தான், ஆண்கள் லீக்கைப் போல, ஒவ்வொரு அணியும் சொந்த மைதானத்திலும் எதிரணியின் மைதானத்திலும் ஆடும் முறை வந்தது. ஏழு அணிகள், அணிக்கு 12 ஆட்டங்கள், ஒடிசா எஃப்.சி. சாம்பியன். நீங்கள் மூலையில் படித்த ஈஸ்ட் பெங்கால் வெற்றி அதற்கு அடுத்த சீசனுடையது. எட்டு அணிகள், அணிக்கு 14 ஆட்டங்கள். சேது எஃப்.சி. லூதியானாவில் பட்டம் வாங்கியதற்கு ஆடியவை மொத்தம் ஏழு என்பதோடு ஒப்பிட்டால், இது இரு மடங்கு. ஓர் ஆட்டக்காரிக்குச் சீசனின் நீளம்தான் சம்பளத்தின் நீளமும். மூன்று வாரத்துக்கு ஆள் எடுக்கும் கிளப் மற்ற நாளுக்குச் சோறு போடாது.

சம்பளக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான் என்று தோன்றுகிறது. குறைந்தபட்சம் ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் என்று சம்மேளனம் 2023இல் அறிவித்தது. மாதத்துக்கு 27 ஆயிரத்தைத் தொடவில்லை, அதுவும் மேல்தட்டுக் கிளப்களின் ஒப்பந்த ஆட்டக்காரிகளுக்கு மட்டும். லீக்கை மட்டும் நம்பி மகளை அனுப்புங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கடலூர் மாவட்டத்திலிருந்து இந்திய அணி வரை போன இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2–1 என்று வீழ்த்தி, தகுதிச்சுற்றில் வென்று முதன்முறையாக ஆசியக் கோப்பைக்கு இந்தியாவை அழைத்துப்போன இரண்டு கோல்களையும் அடித்த சங்கீதா பாஸ்ஃபோர் எல்லைப் படை ஒன்றில் வேலை பார்ப்பவர். தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இல் மணிப்பூரையும் 2023இல் ஹரியானாவையும் இறுதியாட்டத்தில் வென்று தேசியப் பட்டத்தை இருமுறை கொண்டுவந்திருக்கிறது. பந்து வேலைக்கு வழிவிடாது என்று எண்ணியிருந்தால், அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

சென்ற மாதம் ஒரு நாள் காலை ஆறரை மணிக்கு, தருமபுரியில் ஒரு மைதானத்தின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஏறக்குறைய உங்கள் மகள் வயதிருக்கும் ஒரு பெண், முன்பக்கம் வாய் பிளந்திருந்த பூட்ஸைச் சணல் கயிற்றால் சுற்றிக் கட்டிக்கொண்டு ஓடினாள். பயிற்சி முடிந்ததும் கயிற்றை அவிழ்த்து, மண்ணைத் தட்டி, மடித்துப் பையில் வைத்தாள். மறுநாளைக்கும் அது வேண்டுமே. பத்தாம் வகுப்பில் பெண் பிள்ளையின் எந்த ஆசையை நிறுத்தினாலும் அடுத்த பேச்சு என்னவாக இருக்கும் என்பது தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இந்த இரு மாவட்டத்துக்காரர்களுக்கும் தெரியும். அதிகாரிகள் தடுத்து நிறுத்திய குழந்தைத் திருமணங்களைப் பற்றிய செய்தி எங்கள் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. உங்களுக்கு அந்த எண்ணம் இருப்பதாக நான் சொல்லவில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு விடை: சரியில்லை. நிறுத்தாதீர்கள். அவளுடைய அடுத்த ஆட்டம் எந்தப் பள்ளி மைதானத்தில் நடந்தாலும் போய் உட்கார்ந்து பாருங்கள், டிக்கெட் கிடையாது. திரும்பவும் எனக்கு எழுதினால், அவள் கோல்கீப்பரா, டிஃபென்ஸா, முன்வரிசையா என்பதையும் எழுதுங்கள். இரண்டு பக்கக் கடிதத்தில் அது எங்கும் இல்லை.