கண் டாக்டர் பதில்கள்: கண்மாய்க் குளியலும் கண்ணுக்குள் புழுவும்

போன இதழில் ‘கண்ணுக்குள்ளும் ஒட்டுண்ணி வரும்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான்.

என் மகனுக்கு 9 வயது. கோடை லீவு முழுக்க ஊர்க் கண்மாயில்தான் குளியல். பிறகு இடது கண் சிவந்தது. இப்போது கருவிழிக்குள் கீழ்ப்பக்கம் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. டி.பி.யாக இருக்கலாம் என்று கையில் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டோ டெஸ்ட்டும் எக்ஸ்ரேயும் எழுதியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் டி.பி. கிடையாது. பயமாக இருக்கிறது டாக்டர்.
— வாசகி, சிவகங்கை மாவட்டம்

டெஸ்ட் எழுதியதில் தப்பில்லை, எடுத்துவிடுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாவது வரியை அந்த டாக்டரிடம் சொன்னீர்களா? கண்மாயில் குளித்த கதையை?

தென்மாவட்டங்களில் கண் ஓ.பி.யில் உட்காருகிறவர்களுக்கு இந்தப் படம் நன்றாகவே தெரியும். பள்ளிக்கூடப் பையன், ஒரு கண் மட்டும் சிவப்பு. ஸ்லிட் லாம்ப் என்ற கண் மைக்ராஸ்கோப் வெளிச்சத்தில் பார்த்தால் கருவிழிக்குப் பின்னால் உள்ள நீர் அறையில், கீழ் ஓரத்தில், வெந்த ஜவ்வரிசி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல ஒரு வெள்ளை முடிச்சு. “எங்கேப்பா குளிப்பே?” என்று கேட்டால் கண்மாய், ஊருணி, வாய்க்கால் என்று பதில் வரும். பெண் குழந்தைகளுக்கும் வரும், பையன்களிடம்தான் அதிகம். முங்கி விளையாடுவது அவர்கள்தானே.

காரணம் ஒரு தட்டைப்புழு. நீர்ப்பறவைகளின் குடலில் வாழ்வது. பறவை எச்சத்தோடு முட்டை தண்ணீருக்கு வந்து, நத்தைக்குள் வளர்ந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழுவாக வெளியே நீந்தும். அது தேடிப் போவது மீனை. நடுவில் பையனின் கண் அகப்பட்டால் அதற்குள் நுழைந்துவிடுகிறது. அங்கே அதனால் வளர முடியாது. உடம்பு அதைச் சுற்றி வளைத்துக் கட்டுகிற கட்டிதான் நீங்கள் பார்க்கிற வெள்ளை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை ஆய்வாளர்கள், குழந்தைகளின் கண்ணிலிருந்து எடுத்த கட்டிகளில் இந்தப் புழுவின் டி.என்.ஏ.வைக் கண்டுபிடித்து 2016இல் வெளியிட்டார்கள். புழுவின் பெயர் புரோசெரோவம் வேரியம். கண்மாய் நத்தைகளையும் சேர்த்து ஆராய்ந்த வேலை அது.

அப்படியானால் டி.பி. டெஸ்ட் எதற்கு? டி.பி.யும் கண்ணுக்குள் இதேபோல் முடிச்சு போடும் என்பதால்தான். ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: நம் ஊரில் மாண்டோ டெஸ்ட்டில் கை தடித்துவிட்டால் மட்டும் கண்ணில் இருப்பது டி.பி. என்று ஆகிவிடாது. கிருமி எப்போதோ உடம்புக்குள் வந்து போயிருந்தாலும் தடிக்கும். நெஞ்சு எக்ஸ்ரே, எடை, இருமல், கண்ணின் தோற்றம், குளித்த கதை எல்லாவற்றையும் சேர்த்து வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கட்டி சின்னதாக இருந்தால் ஸ்டீராய்டு சொட்டு மருந்திலேயே கரையும். பெரிதாக இருந்தால் ஆபரேஷன் தியேட்டரில் வைத்து உறிஞ்சி எடுத்து, நோய்க்குறியியல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மைக்ராஸ்கோப்பில் முழுப் புழு சிக்குவது அபூர்வம். புழுவைக் கண்டால் திரண்டு வரும் இயோசினோபில் என்ற ரத்த வெள்ளணுக்கள்தான் பெரும்பாலும் சாட்சி. பையனை கருவிழிப் பிரிவோ யூவியா (கண்ணின் நடுப்படலம்) பிரிவோ இருக்கிற மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பார்வை பெரும்பாலும் நன்றாகத் திரும்பும். அவனோடு குளித்த பையன்களின் கண்ணையும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஐ.டி. வேலை, கான்டாக்ட் லென்ஸ் போடுவேன். மூன்று வாரமாக வலது கண்ணில் தாங்க முடியாத வலி. ஹெர்பிஸ் வைரஸ் என்று மருந்து கொடுத்தார்கள், கேட்கவில்லை. வேறு டாக்டர் ‘கண்ணைச் சுரண்டி டெஸ்ட் எடுக்கணும்’ என்கிறார். மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள், அதில் சிவப்பு குறைகிறது. சுரண்டுவது அவசியமா?
— வாசகர், சென்னை

அவசியம். நாளைக்கே போங்கள். சிவப்பைக் குறைத்த அந்தப் பாட்டிலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அதில் ஸ்டீராய்டு இருக்கும் என்று பந்தயமே கட்டுவேன். முந்தைய கடிதத்துப் பையனுக்கு மருந்தாகிற அதே ஸ்டீராய்டு, உங்கள் கண்ணில் சிவப்பை மறைத்துக்கொண்டு உள்ளே கிருமிக்கு வழிவிடும். டாக்டர் கேட்காமல் கண்ணுக்கு ஸ்டீராய்டு தூக்கிக் கொடுக்கிற மெடிக்கல்காரர்கள்மேல் எனக்குள்ள கோபத்தை எழுதினால் இந்தப் பக்கம் போதாது.

நீங்கள் சொல்வதை வைத்து உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது அகாந்தமீபாவாக இருக்கும். குழாய்த் தண்ணீரிலும் மண்ணிலும் சாதாரணமாக இருக்கிற அமீபா அது. லென்ஸைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாலோ, லென்ஸோடு குளித்தாலோ, நீந்தினாலோ கருவிழியில் ஏறிவிடும். கண்ணில் தெரிகிற கோளாறு கொஞ்சம், வலியோ பல மடங்கு: அதுதான் இதன் முத்திரை. ஆரம்பத்தில் கிளைவிட்ட கோடுபோல் தெரியும் என்பதால் ஹெர்பிஸ் என்று நினைப்பது சகஜம். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் வெள்ளை வளையம் பிறகுதான் வரும். அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

‘சுரண்டுவது’ என்ற பேச்சுதான் பயமுறுத்துகிறது. மரத்துப்போகிற சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்பில் தாடையை வைக்கச் சொல்லி, சிறு பிளேடால் மேற்பரப்பில் துளி எடுப்பார்கள். சில நிமிஷ வேலை. அதைக் கண்ணாடி ஸ்லைடில் தடவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பார்த்தால், இரட்டைச் சுவர் போட்ட கூடுகளாக அமீபா தெரியும். நல்ல லேபில் அன்றைக்கே சொல்லிவிடுவார்கள். இன்னொரு துளியை, சத்தே இல்லாத அகார் என்ற ஜெல்லித் தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பூசி அதன்மேல் வைப்பார்கள். அமீபா இருந்தால் பாக்டீரியாவைத் தின்றுகொண்டே நகரும்; போன தடம் மைக்ராஸ்கோப்பில் தெரியும். இதற்குச் சில நாள் பிடிக்கும். கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் இருக்கிற இடத்தில், கண்ணைச் சுரண்டாமலே கூடுகளைப் பார்க்கவும் முடியும். லென்ஸையும் அதன் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள். அவற்றிலும் கிருமி இருக்கிறதா என்று லேபில் வளர்த்துப் பார்க்கலாம்.

அமீபாதான் என்று உறுதியானால் குளோர்ஹெக்சிடின், பி.ஹெச்.எம்.பி. சொட்டு மருந்துகள். முதல் சில நாள் மணிக்கொரு தடவை, ராத்திரியும். பிறகு மாதக்கணக்கில். ஆபீஸில் இப்போதே லீவு சொல்லிவையுங்கள்.

லென்ஸ் போடாதவர்கள் நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நம் நாட்டில் இந்த நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் லென்ஸைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கண்ணில் மண், நெல்தாள் பட்டு, வரப்புத் தண்ணீரில் கழுவிக்கொண்ட விவசாயிகள்தான் அதிகம்.

நாங்கள் பரம்பரையாகச் சைவம். அக்காவுக்கு ஒரு கண் வீங்கி, பார்வை இரண்டிரண்டாகத் தெரிந்தது. பி-ஸ்கேனில் (கண்ணுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட்) ‘சிஸ்டிசெர்கஸ்’ என்று வந்திருக்கிறது. பன்றிக்கறி சாப்பிட்டால்தானே இது வரும்?
— வாசகி, தஞ்சாவூர்

வேகாத பன்றிக்கறி தின்றால் குடலில் நாடாப்புழு வரும். அந்தப் புழு உள்ள ஒருவரின் மலத்தில் போகிற முட்டை, கீரையிலோ தண்ணீரிலோ சமைக்கிறவர் கையிலோ ஒட்டி நம் வாய்க்குள் வந்தால், உடம்பில் புழுக்குஞ்சு அடங்கிய நீர்க்கட்டி வரும்; அதுதான் சிஸ்டிசெர்கஸ். இதற்குச் சைவம் அசைவம் தெரியாது. ஸ்கேனில் கறுப்பாக ஒரு நீர்ப்பை, அதற்குள் பளிச்சென்று ஒரு புள்ளி இருந்தால், அந்தப் புள்ளிதான் புழுவின் தலை. அதைப் பார்த்துவிட்டால் சந்தேகத்துக்கு வேலை குறைவு. கட்டி ஒன்றே ஒன்று என்றால் ரத்தப் பரிசோதனை நெகட்டிவாகவும் வரலாம். அதை நம்பி ஸ்கேனைத் தள்ளிவிடாதீர்கள்.

ஆனால் மாத்திரைக்கு அவசரம் வேண்டாம். கட்டி கண்ணை அசைக்கிற தசையில் இருந்தால் புழு மாத்திரையான ஆல்பெண்டசோலும் ஸ்டீராய்டும் சேர்த்துத் தருவார்கள், நன்றாகக் கேட்கும். விழிக்கு உள்ளேயே இருந்தால் அதே மாத்திரை ஆபத்து: உள்ளே புழு செத்தால் வருகிற அழற்சி பார்வையையே பறித்துவிடும். அதை ஆபரேஷனில்தான் எடுக்க வேண்டும். அதனால் முதலில் கண்பாப்பாவை விரித்து விழித்திரையைப் பார்க்க வேண்டும், மூளைக்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும். இரண்டும் முடிந்த பிறகே மாத்திரை.

பூனை மலத்தில் வருகிற டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணிக்கு ரத்தப் பரிசோதனை; ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்று ரிப்போர்ட். பூனையை விரட்டிவிடவா?
— வாசகர், கோயம்புத்தூர்

பூனை இருக்கட்டும். ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்றால் எப்போதோ அந்தக் கிருமி உங்களைத் தொட்டிருக்கிறது, அவ்வளவே. கண்ணில் நோய் இருக்கிறதா என்பதை விழித்திரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்: பழைய தழும்பு ஒன்று, அதன் ஓரத்தில் புதிதாக வெள்ளைத் திட்டு. பார்வை மங்கவில்லை, மிதக்கும் புள்ளிகள் இல்லை என்றால் ஒரு தடவை விழித்திரை பார்த்தால் போதும். உங்கள் ஊரிலேயே 2004-05இல் இந்த நோய் கும்பலாக வந்தது. சந்தேகம் விழுந்தது பூனைமேல் இல்லை, குடிதண்ணீர்த் தொட்டிமேல். பூனையின் மலத்தை மட்டும் தினமும் அள்ளிவிடுங்கள். அது தொற்றும் பக்குவத்துக்கு வர ஒரு நாளாவது ஆகும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அந்த வேலை அவருக்கு வேண்டாம்.

ஆடு மேய்க்கிறேன். கண்ணில் ஈ மோதிட்டுப் போச்சு. அன்னிக்கு ராத்திரியிலிருந்து உள்ளே ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கு. தண்ணி அடிச்சுக் கழுவியும் போகல.
— வாசகர், விருதுநகர் மாவட்டம்

அண்ணாச்சி, ஊர்கிற மாதிரி இல்லை, ஊர்ந்துகொண்டே இருக்கும். ஆட்டு மூக்கில் குஞ்சு விடுகிற ஈ ஒன்று உண்டு. பறக்கிற வாக்கிலேயே புழுக்களைத் தெளித்துவிட்டுப் போகும். ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும்; வாயில் கறுப்புக் கொக்கி வைத்துப் பிடித்துக்கொள்வதால் தண்ணீருக்கு அசையாது. வெளிச்சம் பட்டால் இமைக்கு அடியில் ஓடி ஒளியும். ஆகவே டாக்டர் லைட்டைக் குறைத்து, இமையைப் புரட்டித் தேட வேண்டும். ‘ஈ மோதியது’ என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மெட்ராஸ் ஐ சொட்டு மருந்தோடு திரும்பி வருவீர்கள். மரக்கிற சொட்டு விட்டு இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் வலி அன்றைக்கே போய்விடும். அப்படியே கால்நடை டாக்டரையும் ஒரு எட்டு பாருங்கள்: மந்தையில் எந்த ஆடு தும்மிக்கொண்டும் மூக்கு ஒழுகிக்கொண்டும் நிற்கிறதோ, அதற்கும் வைத்தியம் வேண்டும்.