சுவாமி அறையும் ஆமைப்பூட்டும்

அன்பின் ஐயா,

களுவாஞ்சிகுடியில் இருந்து எழுதுகிறேன். விடிய நாலரைக்கு எழும்பி, குளித்து, விளக்கேற்றி அரை மணித்தியாலம் சுவாமி அறையில் இருப்பேன். ஒன்பது வருடப் பழக்கம். வாய் தேவாரம் பாடும்; மனம் மகளின் ரியூசன் காசிலும் முந்தநாள் மாமி சொன்ன சொல்லிலும் நிற்கும். பாடி முடித்த பிறகுதான் நான் அங்கே இருக்கவில்லை என்பதே தெரியவரும். இதை விட்டுவிட்டால் என்ன என்று இருக்கிறது. கதிர்காமத்துக்கு நடந்து போனதாக எழுதியிருந்தீர்கள். காட்டுக்குள்ளாவது மனம் அடங்கியதா?

ஒரு வாசகி

அன்பின் தங்கைக்கு,

அடங்கவில்லை. 2016 ஆம் ஆண்டு உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுப்பாதையில் இறங்கிய நேரம் தொடங்கி, வீட்டுப் பின்கதவைப் பூட்டினேனா என்ற ஒரே யோசனைதான். வாயில் அரோகரா, மனதில் ஆமைப்பூட்டு. போனுக்கு சிக்னல் இல்லாத இடத்தில் மனம் சும்மா கிடக்கும் என்பதெல்லாம் கதை. நாவலடி தாண்டி வியாழைக்குப் போகிற வழியில் குதிக்காலில் முள் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த அடியை எங்கே வைக்கலாம் என்று மண்ணைப் பார்த்துப் பார்த்து நடந்தேன். வெகுநேரம் கழித்துத்தான் பூட்டு ஞாபகம் வரவில்லையே என்று பட்டது. பட்ட உடனே அது வந்து சேர்ந்துகொண்டது என்பது வேறு விசயம்.

நீங்கள் ஒன்றை நட்டக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். 'நான் அங்கே இருக்கவில்லை' என்று தெரியவருகிற அந்தக் கணத்தில் நீங்கள் சுவாமி அறைக்குள் முழுசாக இருக்கிறீர்கள். பிறகு உங்களையே ஏசத் தொடங்கி அதையும் கெடுத்துக்கொள்கிறீர்கள். அந்தக் கணம் பாட்டு முடிவில் வருவதற்குப் பதிலாக நடுவிலே வந்தால் போதும்.

ஒன்பது வருடம் பாடிய தேவாரத்துக்கு மனம் தேவைப்படாது, வாயே பார்த்துக்கொள்ளும். மண்டூர் முருகன் கோயிலில் பூசகரான கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு பூசை செய்வதைக் கண்டிருப்பீர்கள். மந்திரச் சத்தமே கிடையாது. திரைக்கு வெளியே நிற்கிற சனமும் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நிற்கும். நீங்களும் ஒரு கிழமைக்கு வாயைக் கட்டிப் பாருங்கள். தேவாரம் வேண்டாம், விளக்கு மட்டும். பழைய திரியின் கரியைக் கிள்ளி எடுங்கள். எண்ணெயை மெதுவாக ஊற்றுங்கள். புதுத்திரி நனைந்து நிறம் மாறி நுனிவரை ஏறுவதைப் பார்த்துவிட்டு நெருப்பை வையுங்கள். இடையில் மாமி வருவா. 'வாங்கோ மாமி' என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் திரும்பத் திரியைப் பாருங்கள். பத்துத் தரம் வந்தால் பத்துத் தரமும் அதேதான். கிழமை முடிய ஒரேயொரு தேவாரம், அதுவும் ஆறுதலாக. அரை மணித்தியாலம் என்ற கணக்கை விடுங்கள். பத்து நிமிடம் காணும்.

மாமி சொன்ன சொல் சுவாமி அறைக்குள் தீருகிற காரியமில்லை. ஒருநாள் பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, ஏன் அப்படிச் சொன்னீங்க என்று நேரே கேட்டுவிடுங்கள். ரியூசன் காசுக்கு என்னிடம் வழியில்லை.

பின்கதவைப் பூட்டாமல்தான் போயிருந்தேன். ஒன்றும் களவு போகவில்லை.