வாசகர் கேள்வி-பதில்: இரண்டு நாளில் வெலிக்கி நொவ்கொரத்

பாளையங்கோட்டை வாசகி: என் மகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் மருத்துவம் படிக்கிறாள். சனி, ஞாயிறில் தோழியோடு பழைய ரஷ்ய நகரமான வெலிக்கி நொவ்கொரத் போய்வருகிறேன் என்கிறாள். என்னென்ன பேப்பர் கையில் இருக்க வேண்டும்?

அசல் பாஸ்போர்ட் அவள் கையில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் அம்மா. விசா நீட்டிப்புக்காகப் பல்கலைக்கழகத்தில் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் அது திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பயணமே வேண்டாம். நகலைக் காட்டினால் ரயிலில் ஏற்ற மாட்டார்கள், ஹோட்டலிலும் அறை கிடைக்காது.

பாஸ்போர்ட்டோடு விசா, மைக்ரேஷன் கார்டு (ரஷ்யாவுக்குள் நுழையும்போது தரும் சீட்டு), விடுதியில் தந்த பதிவுச் சீட்டு, மாணவர் அட்டை எல்லாம் வேண்டும். வெளியூர் போவதைப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரவு தங்கும் ஹோட்டல் அவளைத் தன் முகவரியில் பதிவு செய்யும். அதனால் திரும்பியதும் விடுதியில் மறுபடி பதிவு செய்தாக வேண்டும். இதைத்தான் பிள்ளைகள் மறந்துவிடுகிறார்கள், பின்னால் அபராதம் வரை போகிறது. ஹோட்டல் தரும் சீட்டையும் இரண்டு ரயில் டிக்கெட்டையும் பத்திரமாக வைத்திருந்து, வந்த மறுநாளே அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். சின்ன ஹாஸ்டல்கள் சில வெளிநாட்டவரைச் சேர்ப்பதில்லை. பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நம் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. அப்பா பெயர் இனிஷியலாக ஒரு இடத்திலும் முழுப் பெயராக இன்னொரு இடத்திலும் இருக்கும். டிக்கெட்டில் பெயரும் எண்ணும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில் இருக்க வேண்டும்.

நம் ஊர் வங்கி தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் 2022 மார்ச்சுக்குப் பிறகு அங்கே செல்லாது. ரூபிள் நோட்டாகவோ, அங்குள்ள வங்கி தரும், ரஷ்யாவின் சொந்த அட்டையான மிர் கார்டாகவோ இருக்கட்டும். மொபைல் இணையத்தைச் சில நேரம் நிறுத்திவிடுகிறார்கள். டிக்கெட்டை அச்செடுத்து, வரைபடத்தையும் முன்பே இறக்கி வைத்துக்கொள்ளட்டும். ராணுவத்தினரையும் ரயில் பாலங்களையும் படம் எடுக்கவே கூடாது. புறப்படும் முன் அங்குள்ள இந்தியத் துணைத் தூதரக அறிவிப்புகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அம்பாசமுத்திரம் மாணவர்: இரண்டே நாளில் அங்கே எதைப் பார்ப்பது? பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் அண்ணனிடம் விடுமுறைக்குப் போகிறேன்.

பீட்டர்ஸ்பர்க்கின் மாஸ்கோவ்ஸ்கி நிலையத்தில் காலையில் லாஸ்தச்கா ரயில் ஏறினால் சுமார் 3 மணி நேரம். இறங்கி 20 நிமிடம் நடந்தால் கோட்டை. அதன் நடுவே புனித சோபியா பேராலயம், 1045 முதல் 1050 வரை கட்டியது. அருகில் ரஷ்யாவின் ஆயிரமாண்டு நினைவுச்சின்னம், 1862இல் நிறுவியது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் இதைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டார்கள். 1944இல் ஊர் மீண்டதும் மறுபடி பொருத்தி நிறுத்தினார்கள்.

முதல் நாளின் பெரும்பகுதியைக் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள் தம்பி. அங்கிருக்கும் பூர்ஜ (பிர்ச்) மரப்பட்டைக் கடிதங்களுக்காகவே இந்த ஊருக்குப் போகலாம். நாம் ஓலையில் எழுத்தாணியால் கீறியதுபோல, அவர்கள் பட்டையின் உள்பக்கத்தில் கூரான குச்சியால் கீறினார்கள். மை கிடையாது, அதனால் அழியவும் இல்லை. ஈரக் களிமண்ணில் காற்றுப் புகாமல் புதைந்து கிடந்ததால் பட்டை மட்கவில்லை. 1951 ஜூலை 26 அன்று முதல் கடிதம் கிடைத்தது. இந்த ஊரில் மட்டும் இதுவரை 1,100க்கும் மேல். கடன் பாக்கி, வீட்டுச் சண்டை, கல்யாணப் பேச்சு எனச் சாதாரண மக்களின் பேச்சு அவற்றில் இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அன்ஃபீம் என்ற சிறுவன் அரிச்சுவடி எழுதிப் பழகிய பட்டைகளும் அகப்பட்டன. பாதியில் எழுத்தை விட்டுவிட்டுக் குதிரைவீரன் படம் வரைந்திருக்கிறான்! மூலப் பட்டைகள் சில மாஸ்கோவில் உள்ளன.

மறுநாள் காலை வோல்கவ் ஆற்றின் நடைபாலம் தாண்டி, பழைய தேவாலயங்கள் நிற்கும் யாரஸ்லாவ் முற்றம். அங்கிருந்து சற்று நடந்தால் இலியின் தெருவில் உருமாற்றத் தேவாலயம். கிரேக்க ஓவியர் ஃபியோபான் 1378இல் தீட்டிய சுவரோவியங்கள் உள்ளே இருக்கின்றன. ஈரமான நாளில் ஓவியத்தைக் காக்க அதைத் திறப்பதில்லை. அதனால் முதல் நாள் வெயில் அடித்தால் அன்றே பார்த்துவிடுங்கள். மதியம் 7ஆம் எண் பேருந்தில் விதஸ்லாவ்லித்சி என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய மர வீடுகளும் மரத் தேவாலயங்களும் பார்க்கலாம்.

அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை தவிர மாதத்தில் ஒரு நாள் துப்புரவு விடுமுறையும் உண்டு. டிக்கெட் கவுண்டர் முன்னதாகவே மூடும். மாணவர் சலுகை கேட்டுப் பாருங்கள்.

வள்ளியூர் வாசகர்: மகன் சுத்த சைவம். டிசம்பரில் போகிறான். சமாளிப்பானா?

சமாளிக்கலாம். 'போஸ்னயே' என்று கேட்டால் விரத காலச் சாப்பாடு தருவார்கள். இறைச்சி, பால், முட்டை இருக்காது, ஆனால் இறால் வகைகள் சேர்ந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளட்டும். பீட்ரூட் சூப்பான போர்ஷ் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். உருளைக்கிழங்கு வரேனிக்கியும் (கொழுக்கட்டை போன்றது) கிரெச்கா (பக்வீட்) கஞ்சியும் மலிவு. பையில் புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தால் வெறும் சோறு வாங்கியே ஒரு வேளையை ஒப்பேற்றிவிடலாம்.

ஆனால் டிசம்பரை நாங்கள் சொல்ல மாட்டோம். பகல் வெளிச்சம் 6 மணி நேரம்தான். மே கடைசி அல்லது செப்டம்பர் நல்லது. டிசம்பரில்தான் முடியும் என்றால் தடித்த கோட்டு ஒன்றைப் போடுவதைவிட மூன்று அடுக்கு ஆடை மேல். போனை உள்பையில் உடம்போடு ஒட்டி வைக்க வேண்டும், வெளியில் வைத்தால் குளிரில் சார்ஜ் சட்டென்று இறங்கிவிடும்.